பழைய கோப்புகள் வேண்டாமா?

எங்கள் கணினிப் பயனர் குழுவில் முப்பத்தோரு பேர். அதில் பாதிப் பேருக்குக் கணினி என்றால் ஃபைல் காணாமல் போகிற இடம், அவ்வளவுதான். மாதக் கடைசிச் சனிக்கிழமை நூலகத்து மாடியில் கூடுவார்கள். போன மாதம் எதெது தொலைந்தது என்று ஆளுக்கொரு ஒப்பாரி வைப்பார்கள். டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். இந்தக் கூட்டத்தின் முன்னால்தான், தமிழிலேயே பேசுகிற ஓர் இயங்குதளத்தை நிறுவிக் காட்டுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

இயங்குதளம் என்னுடையது இல்லை. எங்கெங்கோ இருக்கிற யார் யாரோ சேர்ந்து செய்து இலவசமாக விட்டது. அதன் தமிழ் மட்டும் என்னுடையது. பகலில் மருந்துக் கிடங்கில் பெட்டிகளை எண்ணுகிற எனக்கு, ஆறு வருடமாகச் சாயங்காலங்கள் அதிலேயே போயின. திரையில் வரும் பதினோராயிரம் வரிகளை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினேன். குழுவில் எனக்குப் பெயர் ‘தூயதமிழ்’. கேலிக்கு வைத்த பெயர்தான். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு இல்லையா?

குழுவின் செயலாளர் சுகாதார அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வாரத்துக்கு மூன்று முறை போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டார்.

“உங்க சாஃப்ட்வேரைப் போட்டா பழைய ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும்ல?”

“ஒரு எழுத்துகூடப் போகாது சார்.”

“பாத்துக்குங்க. ஒரு ஃபைல் போச்சுன்னா இவங்க உங்களைச் சும்மா விடமாட்டாங்க.”

அதனால்தான் ஒத்திகை வைத்தேன். என் கணினிக்கும் நூலகத்துப் புரொஜெக்டருக்கும் ஜென்மப் பகை, படமே வராது. சனிக்கிழமைக்கு என் மனைவியின் மடிக்கணினியைக் கேட்டேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவள் அப்படி எளிதில் கொடுக்கிற பொருள் இல்லை அது.

அவள் தையல்காரி. ஆனால் கடையில் தொங்குகிற சட்டை சரியாக இருக்கிறவர்கள் யாரும் அவளிடம் வருவதில்லை. முதுகு வளைந்தவர்கள், ஒரு கை இல்லாதவர்கள், அறுவை சிகிச்சையில் மார்பை இழந்தவர்கள், சக்கர நாற்காலியிலேயே இருப்பவர்கள் வருவார்கள். ஒவ்வொருவரையும் முப்பது நாற்பது இடத்தில் அளந்து, துணியை எப்படி வெட்ட வேண்டும் என்பதைக் கணினியில் படமாக வரைந்துவைப்பாள். பிறகு ஒவ்வொரு முறை தைக்கும்போதும் அரை விரல், கால் விரல் என்று அதைத் திருத்திக்கொண்டே இருப்பாள். ஒன்பது வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு உடம்புகள் அந்தக் கணினிக்குள் இருந்தன. அவர்களுக்கே தெரியாத அவர்களுடைய கோணல்களும் அதில் இருந்தன.

அதில் ஒருவர் டீச்சர். தீக்காயத்தில் கழுத்திலிருந்து இடுப்புவரை தோல் சுருங்கியவர். டேப் பட்டாலே துடித்துப்போவார். அவரை அளக்க ஒரு மதியம் முழுவதும் ஆனது. இரும்பு முனை குளிரக் கூடாது என்று என் மனைவி டேப்பை உள்ளங்கையில் பொத்திவைத்துச் சூடாக்கி, ஓர் அளவு எடுத்துவிட்டுக் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்து, அடுத்த அளவை எடுத்தாள். கிளம்பும்போது டீச்சரிடம், “இனிமே உங்க மேல டேப்பே படாது டீச்சர். எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு” என்றாள். நாலு வருடமாக அந்த வார்த்தையைக் காப்பாற்றி வந்தாள். அடுத்த மாதத்துக்கு இரண்டு சட்டை தைக்க வேண்டும் என்று டீச்சர் போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். தெரியாதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

புதன்கிழமை, நிறுவல் மென்பொருளைப் போட ஒரு பென் டிரைவ் தேவைப்பட்டது. கையில் கிடைத்தது அவளுடைய நீலப் பென் டிரைவ். அந்த இருநூற்றுப் பன்னிரண்டின் நகலும் அதில்தான் இருந்தது. கேட்டுத்தான் எடுத்தேன். “இதை அழிச்சுட்டு என் வேலைக்கு எடுத்துக்கறேன். அசல்தான் கம்ப்யூட்டர்ல இருக்கே. ஞாயித்துக்கிழமை திரும்பக் காப்பி போட்டுத் தந்துடறேன்” என்றேன். “சரி” என்றாள். இந்த விஷயங்களில் என் பேச்சில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளைத் தையல் மேசையில் கணினிக்கு முன்னால் உட்காரவைத்து, நான் இரண்டடி பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டேன்.

“நீதான் என்னோட முதல் பயனர். திரையில என்ன வருதோ அதைப் படி, உனக்குத் தோணறதை அமுக்கு. என்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது. நானும் வாயைத் திறக்க மாட்டேன்.”

“நீங்க வாயைத் திறக்காம இருக்கறதா? இதுக்காகவே தினமும் ஒத்திகை வைக்கலாமே” என்றாள்.

சிரித்தோம். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் மொழிபெயர்ப்பவர்களான எங்கள் முறை. மொழிபெயர்ப்பைச் சோதிக்க, புதிதாகப் பார்க்கிற ஒருவரை உட்காரவைத்து, உதவி செய்யாமல், எந்த வரியில் எவ்வளவு நேரம் தயங்குகிறார் என்று எழுதிக்கொள்வோம். தயக்கம் இருந்தால் தமிழில் குறை. தயக்கம் இல்லையென்றால் தமிழ் நன்றாக இருக்கிறது.

“உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள்.” தேர்ந்தெடுத்தாள். “உங்கள் பெயர்?” அடித்தாள். கடவுச்சொல்லுக்கு ஐந்து விநாடி யோசித்தாள், எழுதிக்கொண்டேன். அடுத்து நான் பெருமைப்படுகிற வரி வந்தது. எனக்கு முன்னால் இதைச் செய்தவர் “ஏற்கெனவே உள்ள கோப்புகளை அகற்றவா?” என்று எழுதியிருந்தார். வீட்டில் எந்த மனுஷன் இப்படிப் பேசுவான் என்று நான் அதை மாற்றியிருந்தேன்.

‘உங்கள் பழைய கோப்புகள் வேண்டாமா?’

கீழே இரண்டு பொத்தான்கள். ‘ஆம்’, ‘இல்லை’.

“பின்ன, வேண்டாமா?” என்று அவள் முணுமுணுத்தது காதில் விழுந்தது. டக்கென்று அமுக்கினாள். அடுத்த திரையில் ‘தொடர்க’ என்று இருந்ததையும் அமுக்கினாள். நான் குறிப்பேட்டில் எழுதினேன்: ‘வேண்டாமா: ஒரு விநாடி. தயக்கமே இல்லை. அருமை.’

அருமை என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன். நிமிர்ந்தபோது திரையில் ஒரு பட்டை நீண்டுகொண்டிருந்தது. அதற்குக் கீழே என் கைப்பட எழுதிய இன்னொரு அழகான தமிழ் வாக்கியம் இருந்தது: ‘பழைய கோப்புகள் முழுமையாக நீக்கப்படுகின்றன.’

“எதை அமுக்கினே?”

“பேசக் கூடாதுன்னீங்க?”

“எதை அமுக்கினேன்னு கேக்கறேன்!”

“ஆம்னு அமுக்கினேன். பழைய ஃபைல் வேண்டாமான்னு கேட்டுச்சு. ஆமா, வேணும்னு...” என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “ஏங்க?”

பாய்ந்துபோய் மின்கம்பியைப் பிடுங்கினேன். மடிக்கணினியில் மின்கலம் இருக்கிறது என்பதுகூட அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. பட்டை அதுபாட்டுக்கு நீண்டது. விசையை அழுத்திப் பிடித்து அணைத்தபோது பாதியைத் தாண்டியிருந்தது.

பிறகு செய்ததெல்லாம் கண் கெட்ட பிறகு செய்த சூரிய நமஸ்காரம். கோப்புகள் இருந்த வட்டைக் கழற்றி என் கணினியில் மாட்டி, மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன். இந்தப் புது வகை வட்டுகளில் அழித்தால் அழித்ததுதான் என்று எனக்கே தெரியும். இருந்தும் ஓடவிட்டேன். அவள் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து ஒன்பது கோப்புகள் வந்தன. பெயருக்குப் பதில் வெறும் எண்கள். எட்டு திறக்கவே இல்லை. ஒன்பதாவது திறந்தது. ஒரு கையின் பாதி வளைவு, தோளிலிருந்து முழங்கைவரை.

அவள் குனிந்து வெகுநேரம் அதைப் பார்த்தாள். விரலால் திரையில் அந்தக் கோட்டைத் தடவினாள்.

“யாரோட கைன்னு தெரியலையே” என்றாள்.

அப்போதுதான் உட்கார்ந்தாள். துணி அடுக்கிவைத்திருந்த முக்காலியில், துணிகளின் மேலேயே. நான் என் வாழ்க்கையில் அப்படி ஒரு அவமானத்தை அனுபவித்ததில்லை. அழுகை வந்தால் அழுதிருப்பேன். அது வரவில்லை.

செயலாளருக்கு, ‘தவிர்க்க முடியாத காரணத்தால் நாளை வர இயலவில்லை’ என்று செய்தி அனுப்பினேன். அந்த நேரத்திலும் ‘இயலவில்லை’. உடனே பதில் வந்தது: ‘பரவாயில்லை தூயதமிழ். அடுத்த மாசம் பாத்துக்கலாம். எல்லாரும் ஆவலா இருக்காங்க.’

“அந்தக் கேள்வியை யாருங்க எழுதினது?” என்றாள் அவள்.

“நான்தான்.”

“நம்ம வீட்டுல யாராவது, டீ வேண்டாமான்னு கேட்டா, ஆம் இல்லைன்னா பதில் சொல்றோம்? வேணும்னு சொல்லுவோம், இல்லாட்டி வேண்டாம்னு சொல்லுவோம். இதுல வேணும்னு ஒரு பட்டனே இல்லையே.”

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. துணியில் சுருக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற குரல் அது. ஆறு வருடத் தமிழுக்கு அரை நிமிடத்தில் அளவு எடுத்துவிட்டாள். ‘வேண்டாமா’ என்று கேட்டால் வேண்டும் என்று எதிர்பார்த்தும் கேட்கலாம், வேண்டாம் என்று நினைத்தும் கேட்கலாம். ஆம் என்றால் எதற்கு ஆம்? பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். தூயதமிழுக்குத் தெரியவில்லை.

தெரியவில்லை என்பதும் பொய். பதினாலு மாதத்துக்கு முன்னால், தேனீ வளர்க்கிற ஒருவர் எங்கள் மொழிபெயர்ப்புப் பக்கத்தில் எழுதியிருந்தார். ஆம், வேண்டும் என்று நினைத்து அமுக்கினேன், ஏழு வருடக் குறிப்புகள் போய்விட்டன, எனக்குப் போனது போகட்டும், இன்னொருவருக்கு நடப்பதற்குள் அந்தக் கேள்வியை மாற்றுங்கள் என்று கேட்டிருந்தார். ஒரு கடுமையான சொல்கூட அதில் இல்லை. நான் பதில் போட்டேன்: ‘கேள்வியைச் சரியாகப் படித்துவிட்டு அழுத்தவும். தமிழில் குறை இல்லை.’ போட்டு, அந்தப் புகாரை மூடிவைத்தேன். எனக்கு அன்றைக்கு வாய்க்கொழுப்பு. நன்றாக மூக்கை உடைத்தேன் என்ற திருப்தியோடு தூங்கப் போனது நினைவிருக்கிறது.

“இதுக்கு முன்னாடி யாரும் இப்படித் தப்பா அமுக்கலையா?” என்று கேட்டாள். “யாருமே உங்ககிட்ட சொல்லலையா?”

என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“ஆமா” என்றேன்.

அதற்குமேல் வாய் வரவில்லை. ஆமாம், சொன்னார்கள் என்றும் அது ஆகும். ஆமாம், சொல்லவில்லை என்றும் ஆகும். அவள் தனக்குத் தெரிந்த புருஷனுக்குப் பொருந்துகிற அர்த்தத்தை எடுத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. எழுந்து வந்து என் தோளில் கையை வைத்தாள்.

“விடுங்க. உங்களுக்கும் தெரியாதுல்ல. தெரிஞ்சா மாத்தியிருக்க மாட்டீங்களா?”

பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அலைபேசியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போய் நின்று, முதலில் டீச்சரைக் கூப்பிட்டாள்.

“டீச்சர், நான்தான்... நல்லா இருக்கீங்களா?... சட்டை விஷயமாத்தான். ஒரு தப்பு நடந்துபோச்சு டீச்சர். உங்க அளவு எல்லாம் அழிஞ்சுபோச்சு... இல்ல, திரும்ப வராதாம். அவரும் எவ்வளவோ பாத்துட்டார்... அவர் மேல தப்பு இல்ல டீச்சர். கேள்வி சரியாத்தான் கேட்டுச்சு. நான்தான் சரியாப் படிக்காம அமுக்கிட்டேன்.”

ஜன்னலுக்கும் எனக்கும் நாலடிதான். போய் அலைபேசியை வாங்கி, தப்பு என்னுடையது, போன வருடமே எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். மறுமுனையில் டீச்சர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அழாதீங்க டீச்சர். மெதுவாத்தான் எடுப்பேன். ரெண்டு நாள் ஆனாலும் பரவாயில்ல” என்றாள்.

நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.