ஆறுமணிக் குருவி எத்தனை?

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் நின்று பார்க்கப் பொறுமை கிடையாது. வண்டியில் வந்து இறங்குவார்கள், பைனாகுலரைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு அரைச் சுற்று திரும்புவார்கள், பாட்டில் தண்ணீரைக் குடிப்பார்கள். அவ்வளவுதான், காடு முழுக்கப் பார்த்தாகிவிட்டது.

அடைக்கலசாமிக்கு இவர்களைக் கண்டாலே எரிச்சல். அதிலும் பறவை ஆராய்ச்சி செய்கிற நர்மதா என்ற பெண் வந்துபோன பிறகுதான், தை பிறந்ததும் காட்டைச் சுற்றி வனத்துறையின் கம்பிவேலி என்று பேச்சு வந்தது. காலையும் மாலையும் ஆறு மணிக்குக் கூவுகிற ஆறுமணிக் குருவி அரிதாகிவிட்டதாம். வெள்ளாடு உள்ளே நுழையக் கூடாதாம்.

வரதராஜன்பேட்டைப் பக்கம் அந்தக் காட்டை விட்டால் அவர் ஆடுகளுக்கு மேய்ச்சல் இல்லை. சுற்றிலும் முந்திரித்தோப்பு, தோப்புக்குத் தோப்பு ஒரு சொந்தக்காரன், ஒரு நாய்.

மறுபடி அவள் வந்த அன்று தொரட்டியைக் குறுக்கே நீட்டி மறித்தார்.

"குருவி இல்லன்னு நீதான் சொன்னியா?"

"இல்லன்னு சொல்லலைங்க தாத்தா. தேடித் தேடிப் பாத்தும் கண்ணுல மாட்டல. மாட்டலங்கிறதால இல்லன்னு ஆயிடாது. அதையும் சேத்துத்தான் கணக்குப் போடுறோம்."

"கண்ணுல மாட்டாததுக்குக் கணக்கா? நல்லாருக்கு கூத்து. எங்கூட வா, பொதருக்குப் பொதரு காட்டுறேன்."

ஆடுகளை முன்னால் விட்டார். சருகு நொறுங்க அவை காரைப் புதரைத் தாண்டியதும் பின்னாலேயே ஒரு குருவி தத்தி வந்தது. பச்சை முதுகு, வாலடியில் குங்குமச் சிவப்பு. குளம்புகள் கிளறிவிட்ட சருகைப் புரட்டிப் புழு பொறுக்கியது.

"இந்தா ஒண்ணு," என்றார். வெப்பாலை மரங்களுக்கு அடியில், "இது இன்னொண்ணு." ஓடைக்கரையில், "இன்னும் வேணுமா?"

நர்மதா பைனாகுலரை இறக்கினாள். "இது நொண்டுதுங்க."

"நொண்டட்டும்."

"மொதல்ல பாத்ததும் இதே எடது கால்லதான் நொண்டுச்சு. எல்லாம் ஒரே குருவிங்க தாத்தா. புழுவுக்காக ஆட்டுப் பின்னாடியே வருது. வெறுங்கையோட வர்ற எனக்கு ஒண்ணுகூட தெரியல. ஆட்டோட வர்ற உங்களுக்கு ஒண்ணே பத்தா தெரியுது."

அவருக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"நொண்டி ஒண்ணுதான் இருக்கணும்னு சட்டமா? எங்க தெருவுலயே மூணு பேரு நொண்டுறோம். மூணு பேரும் ஒரே ஆளா?"

அவள் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காத. மெய்யா எத்தன இருக்கு, சொல்லு."

"தெரியலைங்க. நெறைய இருக்கலாம். இது ஒண்ணே ஒண்ணாவும் இருக்கலாம். தெரியிற வரைக்கும் காட்ட அடைச்சு வைக்கிறது நல்லதுன்னு எழுதிக் குடுத்தேன்."

"தெரியலன்னா தொறந்து வையி! ஆட்ட நிறுத்திட்டா இந்தக் குருவிக்கு யாரு சருகு கிளறிவுடுவா? நீயா?"

ஆடுகள் கிளறிவிட்ட சருகை அவள் திரும்பிப் பார்த்தாள். "அத நான் யோசிக்கலைங்க. சரி, வேலியத் தள்ளிப்போடச் சொல்றேன். இந்தப் பருவம் முழுக்க ஓடைக்கு வடக்க மட்டும் ஆடு விடாதீங்க. தெக்க மேயட்டும். ரெண்டு பக்கமும் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

"இன்னிக்கு வடக்கு, நாளைக்குத் தெக்கு. உங்க ஆளுங்கள எனக்குத் தெரியாதா? வேலி போட வரட்டும், குழி தோண்டுற எடத்துல நான் ஒக்காந்திருப்பேன்."

ஆடுகளைத் திருப்பி, ஓடையில் இறக்கி, வடக்குக் கரையில் ஏற்றினார். "தாத்தா!" என்று அவள் கூப்பிட்டது கேட்டது. ஒரே குருவியாமே, ஒரே குருவி என்று முனகிக்கொண்டே புதருக்குள் நடந்தார்.