ராஜையனின் கீழ்த்தாடையில் மங்கலம்

1984 ஆகஸ்ட் பதினாறாம் தேதி வியாழக்கிழமை, காலை எட்டு நாற்பதுக்குத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பொன்முடி மலைக்குப் புறப்பட்ட பஸ்ஸில், கண்டக்டர் ராஜையனின் வாயிலிருந்து முதல்முறையாக வேறொருத்தியின் பேச்சு வந்தது. குரல் அவருடையதுதான், பீடிப் புகையில் கரகரத்த அதே குரல். பேச்சு மட்டும் வலியசாலை அக்ரகாரத்துப் பேச்சு. "சித்த உள்ள தள்ளிப் போங்கோ, பின்னாடி இடம் இருக்கோல்லியோ" என்றார். விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்து நெடுமங்காட்டில் குடியேறிய ராஜையன், நாற்பத்தாறு வயதுவரை யாரையும் 'போங்கோ' என்று சொன்னவரில்லை. பயணிகள் சித்த உள்ளே தள்ளிப் போனார்கள். அன்று தூறல் இருந்தது. பஸ் பத்து நிமிஷம் தாமதமாகக் கல்லாறு சேர்ந்தது. வேறு விசேஷம் இல்லை.

அதற்கு மூன்று மாதத்துக்கு முன்பு ராஜையனுக்குக் கீழ்த்தாடையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு நீர்க்கட்டி வந்தது. பல் டாக்டர் அம்மிணி அதைத் தோண்டி எடுத்தார். மிஞ்சிய குழியை அப்படியே விட்டால் தாடை என்றைக்காவது ஒரு முறுக்கைக் கடிக்கும்போது முறிந்துவிடும். அதனால் நகரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் செய்த வெள்ளைக் குருணையைக் கொண்டு அதை நிரப்பித் தைத்தார். பார்வைக்கு ரவை மாதிரி இருக்கும். எலும்பில் இருக்கிற அதே கால்சியம், அதே பாஸ்பேட். குருணையில் நுண்ணிய ஓட்டைகள் உண்டு. உடம்பின் சொந்த எலும்பு மெல்ல அந்த ஓட்டைகளுக்குள் ஏறி, இதுவும் நம் வீடுதான் என்று நினைத்துக்கொண்டு குடியிருக்கத் தொடங்கிவிடும். அப்படிக் குருணை வைத்துக்கொண்ட முதல் ஆள் ராஜையன்.

குருணையைச் செய்தவள் மங்கலம். வயது முப்பத்துநாலு, கல்யாணம் ஆகவில்லை. வலியசாலையில் அண்ணா அனந்தநாராயணன் வீட்டில் இருந்தாள். எலும்பு செய்கிற வேலை என்று தெரிந்ததும் தெருவில் முதலில் முணுமுணுப்பு எழுந்தது. மாடு இல்லை, மீன் இல்லை, புட்டியிலிருந்து எடுக்கிற இரண்டு உப்பும் கொஞ்சம் அமோனியாவும்தான் என்று மங்கலம் ஒவ்வொரு வீட்டிலும் விளக்கினாள். அதன்பிறகு அது சைவ எலும்பு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. நாலாம் வீட்டு மாமா, கோவில் உற்சவத்துக்கு முன்னால் தன் முழங்காலுக்கு ஒரு ஜோடி கிடைக்குமா என்றுகூடக் கேட்டார்.

வேலை சுலபம்தான், பொறுமைதான் வேண்டும். கால்சியம் கரைசலைப் பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காரத்தன்மை குறைந்தால் எலும்பு உப்பு ஆகாமல் வேறு எதுவோ ஆகிவிடும் என்பதால் நடுநடுவே அமோனியா சேர்க்க வேண்டும். ஆறு மணி நேரம் கண்ணை எடுக்க முடியாது. அமோனியா நெடிக்கு அந்த அறைப்பக்கம் யாரும் வருவதில்லை. வீட்டில் மங்கலம் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசுவாள், அதில் பாதி 'காப்பி ஆச்சு'. மீதிப் பேச்சையெல்லாம் அவள் பாத்திரத்திடம் பேசினாள். பாத்திரத்தில் பால்கோவா மாதிரி வெள்ளையாகத் திரண்டது. பிறகு அதைக் கழுவி, வடிகட்டி, உலர்த்தி, உலையில் ஆயிரத்து இருநூறு டிகிரியில் சுட்டார்கள். அந்தச் சூட்டில் ஈரம் போயிற்று, அமோனியாவின் நெடி போயிற்று. பேச்சு போகவில்லை.

ராஜையனை இழுத்துக்கொண்டு டாக்டர் அம்மிணியிடம் போனவள் அவர் மனைவி நேசமணி.

"இவருக்க வாய்க்குள்ள அக்ரகாரத்து அம்மா ஒருத்தி இருந்துக்கிட்டுப் பேசுதா, டாக்டரே. நேத்து என்னப் பாத்து, சாம்பார்ல பெருங்காயம் பத்தலேங்குதாரு. எங்க வீட்டுல என்னைக்கு சாம்பார் வச்சோம்? மீன்கறி இல்லியா வச்சிருந்தேன்."

அம்மிணி எக்ஸ்ரே எடுத்தார். குழி அழகாக நிரம்பிக்கொண்டிருந்தது. சீழ் இல்லை, வீக்கம் இல்லை. ராஜையனைப் பேசச் சொன்னார். "உலையில வைக்கிற பீங்கான் மூடி விரிசல் விட்டிருக்குன்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தாச்சு, கேக்க நாதியில்ல" என்றார் ராஜையன். அம்மிணி உடனே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன் செய்து, யாருடைய மூடி விரிசல் விட்டிருக்கிறது என்று விசாரித்தார்.

விஷயம் தெரிந்ததும் மங்கலம், பாத்திரத்திடம் என்னென்ன சொன்னோம் என்று எண்ணிப் பார்த்தாள், எண்ணி முடியவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு எட்டு நாற்பது பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேரூர்க்கடை தாண்டுவதற்குள் தன் மன்னியின் குறட்டையைப் பற்றியும், ஆராய்ச்சிக்கூடத்து டைரக்டரின் விக் காற்றில் எழும்புவதைப் பற்றியும் ராஜையன் வாயிலிருந்து தன் வார்த்தைகளிலேயே கேட்டாள். பஸ்ஸில் எல்லோரும் ரசித்தார்கள். அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள், பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தான் இவ்வளவு நன்றாகப் பேசுகிறவள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

கல்லாற்றில் பஸ் டீக்கு நின்றபோது அவள் தான் யாரென்று சொன்னாள். ராஜையன் டீ கிளாசோடு எழுந்து நின்றார். அவருடைய சொந்தப் பேச்சும் அவரிடம் இருந்தது, முயன்றால் வரும்.

"எனக்க குத்தம் இல்ல, அம்மா. விக்கல் மாதிரி வருது. என்ன வரும்னு எனக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு மட்டும் தொண்டை வரைக்கும் வந்து வந்து நிக்கி. பஞ்சாங்கத்துக்குள்ள ஒரு லெட்டரு. அது ஆரிட்டயோ சொல்லவேண்டியது. நான் கடிச்சுப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்."

மங்கலம் ஆற்றைப் பார்த்தாள். 1978இல் கல்கத்தாவில் பீங்கான் படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதாக அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அண்ணா அதை வாங்கிப் படித்து, பழைய பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்றார். அலமாரி தூசு தட்டும்போது அவள் அதைப் பார்த்துவிட்டாள். அப்போது மன்னி பிரசவத்துக்குப் பின் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள், வீட்டில் இரண்டு குழந்தைகள். அண்ணாவே ஒருநாள் எடுத்துக் கொடுப்பார் என்று மங்கலம் காத்திருந்தாள். ஆறு வருஷம் காத்திருந்தாள். அடுத்த வாரம் அனந்தநாராயணனுக்கு நெடுமங்காட்டு ஆபீசுக்கு மாற்றல், இதே எட்டு நாற்பது பஸ்ஸில்தான் போக வேண்டும்.

"பிடிச்சு வைக்கணுமா?" என்று ராஜையன் கேட்டார்.

"வேண்டாம். வந்தா வரட்டும்" என்றாள் மங்கலம். அண்ணாவை வேறு பஸ்ஸில் போகச் சொல்லலாம் என்று வீடு போகிற வழியெல்லாம் தோன்றியது. வீட்டுக்குப் போய்க் காப்பி ஆச்சு என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை அனந்தநாராயணன் ஏறினார். ராஜையன் டிக்கெட்டைக் கிழித்து நீட்டியபடி, எல்லோருக்கும் கேட்கிற கண்டக்டர் குரலில் சொன்னார்: "அண்ணா, அந்த லெட்டரப் பஞ்சாங்கத்துக்குள்ள வெச்சது நேக்குத் தெரியுமாக்கும். நீயா எடுத்துத் தருவேன்னு பாத்துண்டே இருக்கேன்."

அனந்தநாராயணன் டிக்கெட்டை வாங்கவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக் குடையைப் பிடிக்காமல் மழையில் வலியசாலை வரை நடந்தார். மத்தியானம் மங்கலம் வேலைசெய்கிற அறைக்கு, அமோனியா நெடியைத் தாண்டி, வீட்டிலிருந்து ஒருவர் வந்தது அதுவே முதல் தடவை. கையில் அந்தக் கடிதம். அவருடைய கண்ணில் வழிந்த நீருக்கு அமோனியாதான் காரணம் என்று வைத்துக்கொள்ள இருவருக்கும் வசதியாக இருந்தது.

"மன்னிக்கு அப்போ முடியாம இருந்தது. நீயும் போயிட்டா குடும்பம் என்னாகும்னு பயந்துட்டேன்."

"கேட்டிருந்தா, ஒரு வருஷம் கழிச்சுப் போறேன்னு சொல்லியிருப்பேன் அண்ணா."

அவர் பாத்திரத்தின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, கலக்கி முடியும்வரை அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் அவருக்கே போனதால் அன்றைய குருணையில் ஒன்றும் சேரவில்லை. அது யாருக்கும் பேச்சைக் கொடுக்காமல் எலும்பாக மட்டும் இருந்தது. ஓர் ஆசாரியின் கட்டைவிரலுக்கு வைத்தார்கள், நன்றாகப் பொருந்தியது.

முதல் குருணையில் மிஞ்சியதைக் கொட்டிவிடலாமா, ராஜையனின் தாடையைத் திரும்பத் திறக்கலாமா என்று முடிவு செய்ய ஆராய்ச்சிக்கூடத்தின் கமிட்டி கூடியது. நேசமணி சாட்சி சொல்ல வந்தாள்.

"இருவது வருஷமா இவரு என்ன ஏட்டின்னுதான் விளிச்சாரு. இப்ப 'இங்க சித்த வரேளா'ன்னு கேக்காரு. திருப்பி எடுக்கணும்னா எங்கிட்ட எழுதி வாங்கணும். நான் எழுதித் தரமாட்டேன்."

கமிட்டி கையேட்டைப் புரட்டியது. குருணையை அகற்ற வேண்டிய காரணங்களில் சீழ், காய்ச்சல், தளர்வு மூன்றும் இருந்தன. மரியாதை அந்தப் பட்டியலில் இல்லை. மிஞ்சிய குருணை புட்டியோடு பூட்டி வைக்கப்பட்டது. விரிசல் விட்ட மூடி மாற்றப்பட்டது. டைரக்டர் விக் வைப்பதை விட்டார், பலரும் அதை நல்ல மாற்றம் என்றார்கள்.

கல்கத்தாவுக்கு அனந்தநாராயணனே எழுதினார். படிப்புக்கு வயது கடந்துவிட்டது, ஆய்வகப் பணியாளருக்கு இரண்டு வருஷப் பயிற்சி இருக்கிறது என்று பதில் வந்தது. 1985 ஜூனில் மங்கலம் ரயில் ஏறினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராஜையனும் பிளாட்பாரத்தில் நின்றார். ஊரில் அவள் இல்லாத இரண்டு வருஷமும், அவள் பேச்சைக் கேட்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் அனந்தநாராயணன் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தார். அவரைத் திட்டுவதும் வந்தது. தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

1987இல் மங்கலம் திரும்பி வந்த மூன்றாம் நாள், டாக்டர் அம்மிணி ஒரு சீட்டு அனுப்பினார். ராகேல் என்று ஐம்பத்தெட்டு வயது டீச்சர், கோட்டயத்துக்காரி, மலையாளம்தான் தெரியும். கீழ்த்தாடையில் ஓட்டை, புதிய குருணை வேண்டும். பூட்டி வைத்த புட்டியைப் பற்றியும் டீச்சரிடம் நடந்தது நடந்தபடி சொல்லியாயிற்று. டீச்சர் யோசித்துவிட்டு, மகன் நாகர்கோவிலில் பெண் எடுத்திருக்கிறான், மருமகளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வரவில்லை, சம்பந்தி வீட்டுக்குப் போனால் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்று சீட்டின் அடியில் எழுதியிருந்தார். முடியுமானால் தமிழ் வேண்டும். பழைய புட்டி வேண்டாம், அதில் வேறு வீட்டு விஷயங்கள் இருக்கின்றன. கொஞ்சம் மெதுவாகப் பேசினால் உபகாரம்.

மங்கலம் சீட்டை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள். கால்சியம் கரைசலை ஊற்றிக் கலக்கியை முடுக்கினாள். காரம் சரிபார்த்தாள். முதல் சொட்டு விழுந்ததும் பாத்திரத்தின் பக்கம் குனிந்து, வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு, சம்பந்தி வீட்டில் நலம் விசாரிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.