இது தெளிவா, அது தெளிவா

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு உதித்தது இல்லை. அக்கா போனில் கத்தியதில் கிடைத்தது. "பெரிய எழுத்தாளன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறியே, உங்க அத்தானைப் பத்தி ஒரு கதை எழுதேன். அச்சுல பாத்தாவது அந்த மனுஷனுக்கு உறைக்குதான்னு பாப்போம்" என்றாள். சொந்தக்காரர்கள் யாரும் இதுவரை என்னிடம் கதை கேட்டதே இல்லை. எழுதாதே என்று சொன்னவர்கள்தான் உண்டு. அதனால் உடனே சரி என்றேன்.

அத்தான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவர். பகல் முழுக்க ஒரு சின்ன இருட்டறையில், வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் கனமான ஒரு ஃப்ரேமை மாட்டி, அதில் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பது வேலை. மகா பொறுமைசாலி. அவர் எழுதிக்கொடுத்த கண்ணாடியைப் போட்டுவிட்டுத் தலை வலிக்கிறது என்று யாரும் திரும்பி வந்ததில்லை. பொழுதுபோக்குக்குப் புகைப்படம் எடுக்கிறார். அதாவது, புகைப்படம் எடுக்க என்னென்ன வாங்கலாம் என்று யோசிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்.

2

எப்படித் தொடங்குவது என்று எழுதிப் பார்த்தேன்.

"வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு..." (நிறுத்து. மழையில் அவர் கேமராவை வெளியே எடுக்க மாட்டார். வெயிலிலும் எடுக்க மாட்டார், தூசியாம்.)

"புகைப்படம் என்பது காலத்தை உறையவைக்கும்..." (இந்த வாக்கியத்தை உலகத்தில் எல்லோரும் ஒருமுறை எழுதியாகிவிட்டது. என் பங்கை வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறேன்.)

"பொக்கைக்கு முன்பற்கள் விழுந்த வாரம்..."

இது பரவாயில்லை. இதிலேயே போவோம்.

பொக்கை என்பவள் அக்காவின் மகள். வேறு பெயர் உண்டு, அது பள்ளிக்கூடத்தில் மட்டும் செல்லுபடியாகும். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் அடுத்தடுத்து விழுந்ததும் நான் வைத்த பெயர் இது. கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இரண்டாவது பல் விழுந்த அன்று அப்பாவிடம் ஓடிப்போய் வாயைத் திறந்து காட்டிச் சிரித்திருக்கிறாள். அக்கா போனை எடுத்திருக்கிறாள். அத்தான் தடுத்துவிட்டார்.

"போன்ல எடுத்து வீணாக்காதே. இதை நல்ல கேமராவுல எடுக்கணும். அப்பா வாங்கிட்டு வர்றேன் கண்ணு, அதுவரைக்கும் பத்திரமா வெச்சுக்க."

குழந்தை பத்திரமாக வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து யார் போனைத் தூக்கினாலும் உதட்டை இறுக்கி, அதன்மேல் உள்ளங்கையையும் வைத்துக்கொள்வாள். சித்திமார் கெஞ்சினார்கள். நான் மிட்டாய் காட்டினேன். பள்ளிக்கூடப் படத்தில்கூட யாரோ அடித்துவிட்ட மாதிரி வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். கேட்டால் ஒரே பதில்தான்: அப்பா கேமரா வரட்டும்.

இந்தக் கதையின் வில்லன் ஈறுக்குள் இருக்கிறான் என்பது இப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அத்தானுக்கு மட்டும் தெரியவில்லை.

3

(இங்கே அவர் கேமரா தேர்ந்தெடுத்த வரலாற்றை விரிவாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. சுருக்குகிறேன்.)

முதலில் கேமரா. கையடக்கமானது போதும் என்று ஆரம்பித்தார். அதைப் பற்றி ஒரு காணொளி பார்த்தார், அதில் ஒருவர் அடுத்த மாடல் வரப்போகிறது, பொறுங்கள் என்றார். பொறுத்தார். அடுத்த மாடல் வந்ததும் இன்னொருவர், பழைய மாடலே மேல் என்றார். ஒரு குழுவில் சேர்ந்தார். அங்கே இரண்டு கம்பெனிக் கேமராக்களை வைத்துக்கொண்டு ஆட்கள் சம்பந்தி வீட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவில் ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தன. பெரும்பாலும் செங்கல் சுவர்.*

* செங்கல் சுவரை எடுத்தால் லென்ஸ் ஓரம் வரைக்கும் கூர்மையாக இருக்கிறதா என்று தெரியுமாம். நான் எழுத உட்கார்ந்தால் முதலில் எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பேன். யாரையும் குறை சொல்லும் நிலையில் நான் இல்லை.

கேமரா வந்தது. அதோடு வந்த லென்ஸைக் கையால் தொடவே அவருக்கு அவமானமாக இருந்தது. அதைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். முகம் எடுக்க ஒரு லென்ஸ் வேண்டும், பின்னணியைக் கரைத்துவிட வேண்டும். எவ்வளவு கரைக்க வேண்டும்? அதில் போனது கொஞ்ச காலம். லென்ஸ் வந்ததும் அதன் முகத்தைக் காக்க ஒரு ஃபில்டர். கை ஆடக்கூடாது என்று ட்ரைபாட். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடிக்கக்கூடாது என்று ஒரு பெட்டி. தூசி ஊத ஒரு ரப்பர் பம்ப். இத்தனையையும் வைக்க ஒரு பை, அந்தப் பைக்கு மழைச்சட்டை. மகளுக்கு மழைச்சட்டை வாங்கவேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தது அந்த மாதம்தான்.

4

இந்த இடத்தில் எனக்கு அந்த ஆள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இப்படி ஒருவர் இருப்பாரா? வாசகர் நம்புவாரா? அதனால் அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கினேன். ஊருக்குக் காட்டிக்கொள்ளத்தான் வாங்குகிறார் என்று ஒரு பத்தி எழுதி அக்காவுக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. திட்டு எனக்கு.

"அவர் யார்கிட்டடா காட்டிக்கிட்டார்? அவ சிரிப்பைப் பத்தி மட்டும்தான் பேசுவார். அதுல ஒரு குறையும் வந்துடக்கூடாதுன்னு பயப்படுறார். அதை எழுது."

கணவரைத் திட்ட என்னைக் கதை எழுதச் சொன்னவள், நான் திட்டினால் சண்டைக்கு வருகிறாள். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். ஆனால் அவள் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் கூடத்தான் செய்தது. கெட்டவராக இருந்தால் மன்னித்துத் தொலைத்திருக்கலாம்.

5

எல்லாம் வந்து சேர்ந்தது. இனி எடுக்க வேண்டியதுதானே என்கிறீர்கள். நீங்கள் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர் இல்லை என்று தெரிகிறது. இனி சோதிக்க வேண்டும்.

சன்னலோரம் ஒரு முக்காலி போட்டு மகளை உட்காரவைப்பார். பக்கத்தில் அவள் கையாலேயே செய்தித்தாளைப் பிடிக்கச் சொல்லுவார், எழுத்து கூர்மையாக விழுகிறதா என்று பார்க்க. எடுத்ததும் கணினியில் போட்டு அவளுடைய ஒரு கண்ணை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்குவார். இமைமுடி ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும். தெரிந்தால், இன்னொரு லென்ஸை யாரிடமாவது இரவல் வாங்கி வந்து அதையும் இதையும் ஒப்பிடுவார். கடையில் கேட்ட கேள்வியையே வீட்டில் தன்னிடம் கேட்டுக்கொள்வார். அங்கே நாற்காலியில் உட்காருகிறவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். இவருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

ஒருநாள் நானும் அங்கே இருந்தேன். பொக்கை செய்தித்தாளைப் பிடித்தபடி மெதுவாகக் கேட்டாள், "அப்பா, இப்ப சிரிக்கட்டுமா?"

"இது டெஸ்ட்தான் கண்ணு. சிரிப்பை வீணாக்காதே."

அவள் உதட்டை மூடிக்கொண்டாள். நான் அப்போது ஏதாவது சொல்லியிருக்கலாம். என்றைக்காவது ஒரு கதைக்கு ஆகும், நல்ல வசனம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டிருந்தேன்.

அன்றே இன்னொன்றும் நடந்தது. ட்ரைபாடின் ஒரு கால் நழுவியது. அத்தான் பாய்ந்து, கேமராவைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்த கோலத்தைப் பார்த்துப் பொக்கை செய்தித்தாளைப் போட்டுவிட்டு வாய் கொள்ளாமல் சிரித்தாள். பல மாதங்களாகப் பூட்டி வைத்திருந்த மொத்தச் சிரிப்பும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து பட்டனில் அவர் விரல் பட்டு ஒரு படம் விழுந்தது. பிறகு நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டு, "விழுந்துச்சாப்பா?" என்று கேட்டாள்.

அத்தான் பின்திரையைப் பார்த்தார். "ஆடிப்போச்சு" என்றார். ட்ரைபாடின் காலை முறுக்கத் தொடங்கினார்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவைக்க வேண்டும், பின்னால் தேவைப்படும். ஒரு சோதனை முடிந்ததும் மெமரி கார்டை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் அவர் அடுத்ததைத் தொடங்குவார். இல்லாவிட்டால் எந்தப் படம் எந்த லென்ஸ் என்று குழம்பிவிடுமாம். சுத்தமான மனிதர்.

6

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்கு விடை கிடைத்தது. இந்தக் கேமரா, இந்த லென்ஸ், சன்னலிலிருந்து இந்தத் தூரம். மகளுக்குத் தலை வாரிவிடச் சொன்னார். முக்காலியில் உட்காரவைத்தார். செய்தித்தாள் வேண்டாம் என்றார். அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாளாம்.

"இப்ப சிரி கண்ணு."

சிரித்தாள். அத்தான் கேமராவை மெல்லக் கீழே இறக்கினார். ஈறிலிருந்து இரண்டு பற்களும் பாதி இறங்கியிருந்தன, விளிம்பு நெளிநெளியாக, புத்தம் புதிதாக.

"எப்ப முளைச்சுது?"

"ரொம்ப நாளாச்சே. நீங்கதான் தினமும் என்னைப் பெருசு பண்ணிப் பாத்தீங்களேப்பா, தெரியலையா?"

குத்திக்காட்ட அவளுக்குத் தெரியாது. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள் என்று அக்கா சொன்னாள். அதன் பிறகுதான் எனக்குப் போன் செய்து கத்தினாள். கத்தி முடித்துவிட்டு அழுதாள். அழுததை முதல் பகுதியில் வேண்டுமென்றேதான் விட்டேன், நக்கலாக ஆரம்பித்த கதை கெட்டுப்போகும் என்று.

7

முடிவு. இரண்டு வைத்திருக்கிறேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள்.

ஒன்று: அத்தானுக்கு அந்த ஆடிப்போன படம் நினைவுக்கு வருகிறது. கார்டைப் போட்டுத் தேடுகிறார். துடைத்துவைத்த தட்டு மாதிரி இருக்கிறது. சுத்தமான மனிதர் என்று சொன்னேன் அல்லவா.

இரண்டு: ட்ரைபாட் நழுவிய அன்றைக்கே இன்னும் வேகமான புதுக் கார்டு ஒன்றுக்கு மாறியிருந்தார். பழையது பையின் ஓர அறையில் கிடக்கிறது. அதில் கடைசிப் படம். சன்னல் சாய்ந்து கிடக்கிறது, பாதிக்குமேல் அவர் சட்டைக் கை, மூலையில் புகைபோல ஒரு குழந்தை. கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை. வாய் நடுவில் அந்த இடைவெளி மட்டும் கறுப்பாகத் தெரிகிறது.

இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?

ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு என்று சொல்ல வருகிறீர்கள். அப்படிச் சொல்கிறவர்களை என்ன செய்வீர்கள் என்று அத்தானிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "அப்ப டெஸ்ட் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்கு மேல மாத்தக் கூடாது" என்றார். அந்த இருட்டறைக்குள் அவருக்கு எல்லாம் தெரியும்.

8

ஏழோடு முடித்திருக்க வேண்டும். ஆனால் நேற்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பழக்கதோஷத்தில் போனைத் தூக்கினேன். பொக்கை வாயைப் பொத்தவில்லை. முப்பத்திரண்டும் முளைத்துவிட்ட மாதிரி ஈயென்று காட்டினாள்.

"கை எங்கடி?" என்றேன்.

"இனிமே யாரு எடுத்தாலும் பரவாயில்ல மாமா" என்றாள். சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அவள் ஈயென்று காட்டியபோதே எடுத்திருந்தேன், கொஞ்சம் ஆடிவிட்டது. படம் சுமாராகத்தான் வந்திருக்கிறது. அத்தான் வாசல்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வந்து கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு வலதுகையின் இரண்டு விரல்களைத் திரைக்கு அருகில் கொண்டுபோனார், சேர்த்துப் பிடித்தபடி, பெரிதாக்கப் போகிறவர் மாதிரி.

நான் இங்கேயே பேனாவை வைத்துவிடுகிறேன். விரல்கள் திரைக்கு மேலே இருக்கின்றன, இன்னும் தொடவில்லை. அக்கா இதைப் படிப்பாள், அவரும் படிப்பார், என் கையால் அவரை எந்தப் பக்கமும் தள்ள மாட்டேன். உங்களுக்குத்தான் அவரைத் தெரியாது, நீங்கள் சொல்லுங்கள்.