பொட்டு இருந்த இடம்

சுண்டுக்குளியில் என் வீட்டு வளவுக்குப் பின்வளவு சிமியோன் அண்ணையுடையது. நடுவில் கிளுவை வேலி. அதில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு இடைவெளி, பொட்டு என்போம். கறி, பேப்பர், ஊர்வம்பு எல்லாம் அதற்குள்ளால்தான் போய்வந்தன. இரண்டு வளவும் சின்னவை. ஆனாலும் இலை இடுக்கால் அடுத்த முற்றம் தெரிந்தால் அதுவும் நம்முடையது போலத்தான் இருக்கும்.

பாரிசில் இருக்கும் அவரின் மகன் டினேஸ், வீடியோ கோலில் அந்த வேலியைப் பார்த்துவிட்டான்.

"ஊரெல்லாம் மதில். எங்கடை வீட்டுக்கு மட்டும் பத்தையோ?"

பாரிஸ் துரை சொல்லிவிட்டார், பிறகென்ன? கிளுவையும் மூலைப் பூவரசும் ஒரே நாளில் தறிபட்டன. ஆளுயரத்துக்கு மேல் மதில், உச்சியில் உடைத்துப் பதித்த போத்தல் ஓடு. அவர்களின் வாசல் அடுத்த ஒழுங்கையில். அங்கே இரும்புக் கேற், கள்ளர் பயத்தில் பகலிலும் பூட்டு.

அண்ணைக்குத் தொய்வு. மூச்சு முட்டினால் பூவரசு நிழலில் கதிரை போட்டு இருப்பவர், ஒருநாள் நான் ஒழுங்கை சுற்றிப் போனபோது மதிலைப் பார்த்தபடி இருந்தார்.

"றோஸ், வளவு சின்னதாப் போச்சு."

"உங்களுக்கென்ன விசரே? வேலித் தடிப்புப் போனதிலை அரை அடி கூடியெல்லோ இருக்கு!"

அவரின் மனைவி றோஸ் அக்கா சொன்னது உண்மைதான். ஆனால் மனுசன் கிணற்றுக்குள் விழுந்தவர் போல வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு டினேஸ் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் மதிலில் படபடவென்று அடிக்கும் சத்தம்.

"தீபன், ஓடி வா! இவருக்கு மூச்சு வரேல்லை!"

மதிலில் ஏறப் பார்த்தேன். போத்தல் ஓடு உள்ளங்கையைக் கிழித்தது. என் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஒழுங்கை சுற்றிப் போனேன். கேற் பூட்டிக் கிடந்தது. பதற்றத்தில் அக்காவுக்குத் திறப்பு வைத்த இடம் நினைவுக்கு வரவில்லை. தேடியெடுத்துத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

செத்தவீட்டுச் சனம் வளவுக்குள் கொள்ளவில்லை. பிரான்ஸ் விசா இன்னும் சரிவரவில்லை, வந்தால் திரும்பிப் போகமுடியாது என்று டினேஸ் வரவில்லை. போனில் அழுதான்.

"தீபன் அண்ணை, சனம் இருக்க உங்கடை முற்றத்தையும் தாங்கோ. மதிலிலை ஒரு வழி உடையுங்கோ."

அவனைத் திட்ட வாய் வரவில்லை. கட்டுப்போட்ட கையால் சம்மட்டியைத் தூக்கி, அவர்கள் பக்கம் நின்று, பொட்டு இருந்த இடத்தில் அடித்தேன். கல் விழுந்தது. ஓட்டைக்குள்ளால் என் முற்றத்தில் நின்ற ஆட்டோ தெரிந்தது. அண்ணையின் கதிரை என் காலடியில் கிடந்தது. இவ்வளவு கிட்டத்தான் இருந்திருக்கிறோம்.