வாத்து நடனம்

பறவை நேசர் மன்றத்தின் நிறுவனர், தலைவர், சிறப்புப் பேச்சாளர் எல்லாமே ஞானசம்பந்தம்தான். அவர் பேசும்போது தலையாட்டுவது மட்டும் உறுப்பினர்களின் பொறுப்பு. பங்குனி ஞாயிற்றுக்கிழமை காலை, கோட்டையூர் தாண்டிய கண்மாய்க் கரையில் அவர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்.

பைனாகுலரைக் கண்ணில் வைத்தவர் அதை இறக்கி, லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அதுவே கெட்ட சகுனம்.

இந்நேரம் வடக்கே கிளம்பியிருக்க வேண்டிய ஊசிவால் வாத்துகள், கழுத்தை முறுக்கிக்கொண்டு, இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன.

"சார், என்ன இது, கிறுகிறுன்னு சுத்துது?" என்றாள் துர்காதேவி டீச்சர்.

ஞானசம்பந்தத்துக்குத் தெரியும். பறவைக் காய்ச்சல் பற்றிய கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து இதே சுற்றலை வீடியோவில் பார்த்தவர். வெளியே சொன்னால் கால்நடைத் துறை ஆட்கள் வருவார்கள். சுற்றுவட்டாரக் கோழிகளையெல்லாம் குழியில் போட்டு மூடுவார்கள். எதிர்க்கரையில் அவருடைய கோழிப்பண்ணை. ரிட்டயர் ஆன பிறகு, அவர் கூப்பிட்டால் ஓடிவருபவை அந்த நாட்டுக்கோழிகள் மட்டுமே.

தொண்டையைச் செருமினார். "இணை தேடுற நடனம். ரொம்ப அபூர்வம். வீடியோ எடுங்க."

எடுத்தார்கள்.

"அந்தா கரையில ஒண்ணு மல்லாந்து கெடக்கே," என்றார் ஜவுளிக்கடை ஹனிபா. "அது ஆடி முடிச்சிருச்சாக்கும்?"

"நீங்க ஆடுனா படுக்க மாட்டீகளா, பாய்?" என்றார் ஞானசம்பந்தம்.

எல்லோரும் சிரித்தார்கள். மல்லாந்து கிடந்ததன் வயிற்றில் ஒரு காகம் அலகை விட்டு இழுத்தது. கிடைத்ததைக் கவ்விக்கொண்டு எதிர்க்கரைக்குப் பறந்தது.

பறவையைப் பார்வையிலிருந்து விடக்கூடாது என்பது மன்றத்தின் முதல் விதி. அவர் விடவில்லை. காகம் பண்ணை வேலியில் உட்கார்ந்தது; சதை நழுவி உள்ளே விழுந்தது. கோழிகள் பாய்ந்தன. அவருடைய மனைவி சித்ரா கோழிகளை விரட்டிவிட்டு, வெறுங்கையால் அதை எடுத்து வெளியே எறிந்தாள்.

உடனே போன் போட்டார்.

"சித்ரா, உடனே கையக் கழுவு. சோப்புப் போட்டு."

"எதுக்கு?"

சுற்றி நின்ற அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். துர்காதேவி வீடியோவை நிறுத்தவில்லை.

"எதுக்குன்னு கேக்குறேன்ல?"

"சும்மா… சுத்தமா இருக்கட்டும்னுதான்."

"நல்லா வந்தீக! தீனியப் போட்டுட்டுக் கழுவுறேன்."

லென்ஸில் அவள் குனிவது தெளிவாகத் தெரிந்தது. தீனி வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள்.