முட்டை காத்தவர்கள்

சுரங்கக் கம்பெனி மலையைக் கேட்டு வந்த ஆண்டில் எங்கள் பால்மிரா ஊரில் எல்லோருடைய நெஞ்சும் கண்ணாடியாகிவிட்டது. முதலில் அர்னுல்ஃபோவுக்கு. மனைவி தலைநகர் கீட்டோவில் வீட்டு வேலைக்குப் போனபின் மூன்று பிள்ளைகளையும் அவனே வளர்த்தான். எங்கள் ஓடையில் சுண்டுவிரல் நுனியளவில் ஒரு தவளை உண்டு. இதயம் துடிப்பது வெளியே தெரியும். பெண் போய்விடும், ஆண்தான் இலையடியில் முட்டைகளைக் காக்கும். ஊர் விடுமா? "அர்னுல்ஃபோ முட்டை காக்குறான் டோய்!" என்று கடைவீதியில் கத்துவார்கள். ஒரு காலை அவன் சட்டை மாட்டும்போது இதயம் தெரிந்தது. அவனுடைய அக்கா சொய்லா, தண்ணீர்ச் சபைத் தலைவி, எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் அடிக்குது. போய் மாட்டைக் கறடா" என்றாள். ஈஸ்டருக்குள் ஓடைத் தண்ணீர் குடித்த அத்தனை பேருக்கும் அப்படியே ஆனது.

கம்பெனிக்கு வேண்டியது செம்பு. மலையைக் குடைந்தால் ஓடை செத்துவிடும். முடிவு சபையின் கையில். மிங்காவில், அதாவது ஊர் கூடிச் செய்யும் வேலையில், மண்வெட்டி பிடித்தவருக்கெல்லாம் சபையில் ஓட்டு உண்டென்பது எங்கள் வழக்கம். அதைத் தெரிந்துகொண்ட கம்பெனி இன்ஜினியர் வாய்க்கால் தூர்வார லாரி லாரியாக ஆட்களை அனுப்பினார். வந்தவரை விரட்டும் பழக்கம் எங்களுக்கு இல்லை. மாதக்கணக்கில் கூடவே சேற்றில் நின்றார்கள். அவித்த சோளம் கொடுத்தோம், ஓடைத் தண்ணீரே குடித்தார்கள். எண்ணிப் பார்த்தபோது அவர்கள் எங்களைவிட அதிகம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோம்.

சபை கூடியது. "மலையைக் கொடுக்க சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் இன்ஜினியர். சொய்லா எழுந்தாள். "தூக்குங்க. ஆனா சட்டையைக் கழட்டிட்டுத் தூக்குங்க." கழற்றினார்கள். கைகள் மேலே போயின. கண்ணாடிக்குள் இதயங்கள் கீழே இறங்கி வயிற்றோரம் ஒளிந்துகொண்டன. கம்பெனிக் கூலியாட்களில் மூத்தவன் டெல்மோ தலைகுனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். எதிரே அர்னுல்ஃபோவின் மடியில் கடைக்குட்டி, அப்பாவின் இதயத்தில் கன்னம் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"கை ஒண்ணு சொல்லுது, உள்ள இருக்கிறது வேற சொல்லுதே தம்பி?" என்றாள் சொய்லா.

டெல்மோ கையை இறக்கினான். இதயம் மெல்ல ஏறித் தன் இடத்துக்கு வந்தது. பிறகு ஒவ்வொரு கையாக இறங்கியது. இன்ஜினியரின் கை மட்டும் மேலே நின்றது; மிங்காவுக்கு வராதவருக்கு ஓட்டு இல்லை.

கம்பெனி போயிற்று, ஓடை ஓடுகிறது. டெல்மோ எங்களோடு தங்கி இப்போது பன்றி வளர்க்கிறான். இன்றும் நாங்கள் சந்தைக்குச் சட்டைப் பொத்தான் போடாமல்தான் போகிறோம். பால்மிராவில் ஒருவன் செத்தால் பாதிரியார் நீளமாகப் பேசுவதில்லை. "முட்டை காத்தான்" என்பார். அதைவிடப் பெரிய பேச்சு எங்களிடம் கிடையாது.