பிரிட்ஜைப் பிரித்த நாள்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் மஞ்சு டைப்பிங் கடை வைத்திருந்தாள். கீழே ராசாங்கத்தின் பிரவுசிங் சென்டர். கட்டடமும் அவனுடையதுதான். பிராட்பேண்ட் லைன் கீழே, லேசர் பிரிண்டர் மேலே. இரண்டையும் இருவரும் பகிர்ந்துகொள்வதாகப் பேச்சு.

இதற்காகவே துபாயில் வேலை பார்க்கும் லெப்பைக்குடிக்காட்டு வாசிமிடம், ஊருக்கு வரும்போது ஒரு குட்டி கம்ப்யூட்டரை வாங்கிவரச் சொல்லியிருந்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரே போர்டு. ஒருபுறம் ஒயர் சொருகலாம். மறுபுறம் ஒயர்லெஸ் கார்டு. கீழ்க்கடை மோடத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டும்போதே சொன்னாள்.

"ரூட்டிங் போட்டுர்றேண்ணே. நெட் மட்டும் மேல வரும். உங்க மெஷினெல்லாம் தனி, என்னுது தனி. நடுவுல கதவு வச்ச மாதிரி."

"அப்ப நான் எப்புடி பிரிண்ட் எடுக்கறது? பிரிட்ஜே போடு. ரெண்டு கடையும் ஒண்ணாவே கெடக்கட்டும். என் வூட்டுலயே எனக்குக் கதவு போடுவியா நீ?"

வாடகைக்கு இருப்பவள் என்ன பேச முடியும்? பிரிட்ஜே போட்டாள். அதன்பின் கீழே எந்த மெஷினில் உட்கார்ந்து யார் அனுப்பினாலும் அவள் பிரிண்டர் ஓடியது. ராசாங்கம் கேட்காமலே மேலே வந்து தாள்களை அள்ளிக்கொண்டு போனான்.

2006 உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மத்தியானத்தில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போகிற மஞ்சு, ஒருநாள் காலையிலிருந்தே மழை என்பதால் சோறு கட்டிக்கொண்டு வந்து கடையிலேயே டப்பாவைத் திறந்தாள். வார்டுக்கு நிற்கும் செல்லக்கண்ணுவின் மச்சான் அரியமுத்து உள்ளே வந்தான். வந்ததும் ஷட்டரைக் கீழே இழுத்துவிட்டான். மஞ்சு டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள்.

"இது உன் கடையில அடிச்சதுதான?"

மேஜைமேல் ஒரு நோட்டீஸை அறைந்தான். செல்லக்கண்ணுவின் மனைவியைப் பற்றி வாயில் சொல்லக் கூசும் நான்கு வரி. ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. அவள் பிரிண்டருக்குள் சுழலும் டிரம் உருளையில் விழுந்த கீறல் அது. ஊரில் வேறு எந்த பிரிண்டரிலும் வராது.

"கோடு எங்களுதுதாங்க. ஆனா நான் அடிக்கலை."

"பொய் சொன்ன, கடை இருக்காது. தெரியுமில்ல?"

அவன் குரல் அடங்குவதற்குள் பிரிண்டர் உறுமியது. யாரும் தொடவில்லை. தாள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அதே நோட்டீஸ், அதே கோடு. அரியமுத்து ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"கீழேருந்து வருதுங்க. இருங்க, எடுக்க ஆள் வரும்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஷட்டர் உயர்ந்தது. அவள் சாப்பிடப் போயிருப்பாள் என்று நினைத்து, கடையின் மாற்றுச் சாவியைக் கையில் பிடித்தபடி ராசாங்கம் நின்றான்.

அரியமுத்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "கஸ்டமர் கேட்டாங்கண்ணே, எனக்கு ஒண்ணுந் தெரியாது" என்று ராசாங்கம் உளறினான். இந்த நோட்டீஸால் தன் தலை உருண்டிருக்கும் என்பது மஞ்சுவுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. கை கழுவாமலே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அங்கிருந்தே ஒயர்லெஸ் வழியாகக் கீழே இருக்கும் போர்டுக்குள் போய் பிரிட்ஜைக் கலைத்தாள், ரூட்டிங் போட்டாள், கீழிருந்து வரும் வழியை அடைத்தாள். பாதித் தாளோடு பிரிண்டர் நின்றது.

ராசாங்கம் செல்லக்கண்ணு வீட்டு வாசலில் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். மஞ்சுவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் மாடி ஏறி வந்து கத்தினான்.

"என் லைன்ல நெட்டு தின்னுட்டு எனக்கே அடைப்பு போடறியா? பழையபடி பிரிட்ஜ் போடு!"

"போட மாட்டேன். பிரிண்ட் வேணும்னா கையில கொண்டாங்க. என்ன எழுதியிருக்குன்னு படிச்சிட்டுத்தான் அடிப்பேன்."

"திமிரு புடிச்சவளே!"

"ஆமாண்ணே. முன்னாடியே புடிச்சிருக்கணும்."

அவன் கீழே போய் போர்டைப் பிடுங்கிப் படிக்கட்டில் வீசினான். ஒயர்லெஸ் கார்டின் ஆன்டெனா முறிந்தது. மஞ்சு இறங்கி வந்து அதைப் பொறுக்கிக்கொண்டாள்.  தெரிந்திருந்தும் அன்றைக்கு அவன் சொன்னதற்குத் தலையாட்டினோமே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அதற்குப்பின் அவள் படியேறும்போதெல்லாம் கீழ்க்கடையிலிருந்து காறித் துப்பும் சத்தம் வரும். தை பிறந்ததும் துறைமங்கலத்தில் கடை பார்த்து, சொந்தமாக லைன் வாங்கிக்கொண்டு போனாள். சாமான் ஏற்றிய வண்டிக்கு வழிவிடாமல் ராசாங்கம் தன் பைக்கை வாசலில் குறுக்கே நிறுத்தியிருந்தான். மஞ்சு அவனைக் கூப்பிடவில்லை. தானே அதைத் தள்ளி ஓரமாக விட்டாள்.